அணையும் வாய்க்காலும்



ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மாணவர்களுடைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்ப்பது ஆசிரியர்களின் வழக்கம். முதற்பக்கத்தில் எழுத்துகள் முத்துக் கோத்தாற்போல நிற்கும். தலைப்பின் அடியில் சிவப்பு மையால் கோடு இழுத்திருக்கும். பத்தாம் பக்கத்தில் எழுத்து சற்றே சாயும். இருபதாம் பக்கத்தில் ஓடத் தொடங்கும். முப்பதாம் பக்கத்திலோ எழுதியவரே படிக்க இயலாத நிலைக்கு வந்துவிடும். இதனைச் சோம்பல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் முதற்பக்கத்தை எழுதிய நாளில் அம்மாணவன் உள்ளத்தில் சோம்பல் இல்லை. ஒரு பெரிய தீர்மானம் இருந்தது. "இந்த ஆண்டு முதல் நான் புதிய மனிதன்" என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அத்தீர்மானம் முப்பது பக்கங்களுக்குள் எங்கே போயிற்று என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய வினா.

தீர்மானம் செய்யாத மனிதர் உலகில் இல்லை. அதிகாலை எழுந்து படிப்பேன், கோபத்தை அடியோடு விடுவேன், கைப்பேசியைத் தொடவே மாட்டேன், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குவேன் என்றெல்லாம் நாம் உறுதி செய்துகொள்கிறோம். நான்கு நாள் காக்கிறோம். ஐந்தாம் நாள் தவறுகிறோம். தவறியதைப் பற்றி நாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். ஆனால் உள்ளத்தின் ஆழத்தில் ஒரு பெரிய இழப்பு நேர்ந்துவிடுகிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

அந்த இழப்பு யாது? அண்டை வீட்டுக்காரர் ஒருவர் நம்மிடம் ஒரு படி அரிசி கடன் வாங்கி, நாளை தருகிறேன் என்று சொல்லித் தராமற் போனால், முதல் முறை நாம் பொறுத்துக்கொள்வோம். இரண்டாம் முறை ஐயுறுவோம். மூன்றாம் முறை அவர் வாசலில் வந்து நிற்கும்போதே நம் மனம், "இவர் சொல்லுக்கு மதிப்பில்லை" என்று தீர்ப்பளித்துவிடும். நாம் நமக்கே கொடுக்கும் சொல்லின் கதியும் இதுதான். மூன்று முறை, நான்கு முறை முறித்த பின்னர், நாமே நம் சொல்லை நம்புவதில்லை. அதன்பின் எந்தத் தீர்மானம் செய்தாலும், செய்யும்போதே உள்ளிருந்து ஒரு குரல் மெல்ல நகைக்கிறது. "என்னால் முடியாது", "நான் இப்படித்தான்" என்று பதினைந்து வயதிலேயே சொல்லும் பிள்ளைகளை 35 ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலோர் அறிவில் குறைந்தவர் அல்லர். தம் சொல்லின் மேல் தமக்கே நம்பிக்கை போய்விட்டவர்கள்.

ஆகவே, தன்னைத் திருத்திக்கொள்ள விரும்பும் ஒருவர் முதலில் ஈட்ட வேண்டியது வெற்றியன்று. தம் சொல்லின் மேல் நம்பிக்கை. அதனை ஈட்டுவதற்கு உரிய வழி, இன்றைக்கே செய்து முடிக்கத்தக்க அளவு சிறிய குறிக்கோளை மேற்கொள்வதும், அதைத் தவறாமல் முடிப்பதுமே ஆகும். இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்க்கு இதனை விளக்குவதற்கு நூல்களைத் தேடிப் போக வேண்டுவதில்லை. நம் வயல்களே விளக்கும். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டும் பணி 1897-ல் தொடங்கி 1906-ல் நிறைவுற்றது. திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாள் காலத்துப் பெரும்பணி அது. மலைமேல் அத்துணை நீர் தேங்கி நிற்பதைக் காணும்போது நெஞ்சு நிறைகிறது. ஆயினும், அணையில் நீர் நிறைந்தவுடன் சுசீந்திரத்து வயல் நனைந்துவிடுமா? நனையாது. அணையிலிருந்து நீர் புறப்பட்டுப் புத்தன் அணைக்கு வரவேண்டும். பாண்டியன் கால், தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில் நாட்டுப் புத்தனாற்றுக் கால்வாய் என்று கிளை பிரியவேண்டும். குளத்தில் சேரவேண்டும், மடை திறக்கவேண்டும், முழங்கால் அகலம்கூட இல்லாத வயற்காலில் ஓடி, வரப்பின் வாய் வழியே பாத்திக்குள் இறங்கவேண்டும். பயிரின் வேரைத் தொடுவது அந்தக் கடைசிச் சிறு வாய்க்காலின் நீரேயன்றி, அணையின் நீர் நேரே அன்று.

நம் பெரிய தீர்மானங்கள் அணை போன்றவை. அவை வேண்டும், அவை இல்லையேல் வாய்க்காலில் ஓட நீரில்லை. ஆனால் அணையைக் கட்டிவிட்டு வாய்க்கால் வெட்டாதவன் போல, நாம் தீர்மானத்தைச் செய்துவிட்டு, அது இன்று மாலை ஆறு மணிக்கு எந்தச் செயலாக இறங்கப்போகிறது என்பதை எண்ணாமல் விட்டுவிடுகிறோம். நீர் தேங்கி நிற்கிறது, பயிர் காய்கிறது.

இது வெறும் உவமை அன்று. மக்கள் வாழ்வில் பெரிய அளவில் நடந்து காட்டிய உண்மை. அதற்குச் சான்றாக ஒன்றைச் சொல்லுகிறேன். 1988-ல் இந்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்து எர்ணாகுளம் மாவட்டம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும், நம் குமரி மாவட்டத்திலும், அறிவொளி இயக்கம் என்னும் பெயரில் அப்பணி நடந்தது. நான் அப்போது இளம் ஆசிரியன். மாலையில் தொண்டர்களோடு சென்று கற்பித்தவர்களுள் ஒருவன்.

எண்ணிப் பாருங்கள். நாற்பது வயது கடந்த ஒரு தாய். பகல் முழுதும் வயலிலோ கடற்கரையிலோ உழைத்தவர். இரவு அடுப்பு அணைந்த பின்னர் அரிக்கேன் விளக்கின் முன் வந்து அமர்கிறார். அவரிடம், "தமிழில் எழுத்துகள் 247, அனைத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொன்னால் என்ன ஆகும்? மறுநாள் வரமாட்டார். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று கணக்குச் சொல்லுவது இலக்கண ஆசிரியர்க்கு அழகு. களைத்து வந்த தாய்க்கு அது மலை. ஆதலால் அறிவொளிப் பாடநூல்கள் அகரத்தில் தொடங்கி வரிசையாகச் செல்லவில்லை. அவர்கள் நாள்தோறும் வாயில் வழங்கும் சொல் ஒன்றை எடுத்து, அதிலுள்ள இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் அன்றைக்குக் கற்பித்தன. பாடம் மூன்று நூல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இடையிடையே, கற்றவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளச் சிறு பயிற்சிகள் இருந்தன.

அவ்வியக்கம் இறுதிக் குறிக்கோளையும் தெளிவான அளவாகவே வைத்தது. "கல்வியறிவு பெறுதல்" என்று பொதுப்படச் சொல்லி நிறுத்தவில்லை. எளிய பகுதி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொற்கள் வீதம் வாய்விட்டுப் படிக்கவேண்டும். பார்த்து எழுதும்போது நிமிடத்துக்கு 7 சொற்களும், பிறர் சொல்லக் கேட்டு எழுதும்போது 5 சொற்களும் எழுதவேண்டும். 1 முதல் 100 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். இவ்வாறு அளவு குறித்ததனால், கற்பவர்க்கும் கற்பிப்பவர்க்கும் தாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது.

ஆனால் அங்கு வந்தவர்களை இழுத்து வந்தது அந்த அளவுகள்கூட அல்ல. ஒவ்வொருவர்க்கும் தமக்கென ஒரு சிறு குறிக்கோள் இருந்தது. ஒருவர்க்குப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். எவரிடமும் கேட்காமல் ஏற வேண்டும். மற்றொருவர்க்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கைநாட்டு வையாமல் கையெழுத்து இடவேண்டும். ஒரு தாய்க்கு, வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன மகன் எழுதும் கடிதத்தை அயலார் படித்துச் சொல்லக் கேட்காமல் தாமே படிக்கவேண்டும். அத்தாயின் பெயர் மூன்றே எழுத்து. முதல் வாரம் முழுவதும் அம்மூன்று எழுத்துகளையே எழுதினார். அடுப்புக் கரியால் கொல்லைச் சுவரிலும் எழுதிப் பழகினார். கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க முற்பட்ட தொண்டரைத் தடுத்து, "சாரே, இன்னைக்கு இது போதும். இதை நான் தப்பில்லாம எழுதிட்டு வாரேன், நாளைக்கு அடுத்தது தாருங்கோ" என்றார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் கற்ற பாடங்களை எல்லாம் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் அவர். தம் பெயரை எழுதி முடித்த நாளில், கணவர் பெயரைக் கேட்டார். அதன்பின் மகன் பெயரை. பின்னர் அவர் எங்கும் நிற்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இவ்வியக்கம் இன்னும் ஒரு படி மேற்சென்றது. அங்கே ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அதனைக் கற்றனர். "பெண் விடுதலை" என்பது ஒரு பெரிய அணை. "இந்த வாரத்துக்குள் பிறர் பிடிக்காமல் பத்து அடி தூரம் மிதிவண்டியில் செல்வேன்" என்பது வாய்க்கால். பத்து அடி சென்றவள் கடைத்தெருவுக்குச் செல்கிறாள். கடைத்தெருவுக்குச் சென்றவள் தன் விளைபொருளைத் தானே கொண்டுபோய் விற்கிறாள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் குமரி மாவட்டத்தில் 100-க்கு 91-க்கு மேற்பட்டோர் எழுத்தறிவு உடையவர். தமிழ்நாட்டு மாவட்டங்களுள் அதுவே அன்று முதலிடம். பள்ளிகள் பல தலைமுறையாகச் செய்த தொண்டு அதன் அடித்தளம். அத்தொண்டு எட்டாமற் போன முதியோர் சிலரையும் எட்டியது அந்த இரவு விளக்கு.

பெரியோர்க்குப் பொருந்திய இம்முறை சிறுவர்க்கும் பொருந்துமா என்று கேட்பீர்கள். அதனை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க் என்பவரும் 1981-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏழு முதல் பத்து வயது வரையுள்ள, கழித்தற் கணக்கில் பின்தங்கிய, கணக்கில் நாட்டமும் இல்லாத குழந்தைகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஏழு அமர்வுகளில் செய்வதற்கு 42 பக்கக் கணக்குகளைக் கொடுத்தனர். ஒரு பிரிவினரிடம், ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கமாவது முடிப்பதைக் குறிக்கோளாகக் கொள்ளலாம் என்றனர். மற்றொரு பிரிவினரிடம், ஏழாம் அமர்வின் முடிவுக்குள் 42 பக்கத்தையும் முடிப்பதைக் குறிக்கோளாகக் கொள்ளலாம் என்றனர். வேறொரு பிரிவினர்க்குக் குறிக்கோள் எதுவும் சொல்லவில்லை.

ஆறேழு நாற்பத்திரண்டு என்பது நமக்குத் தெரியும். இரு பிரிவினர்க்கும் வேலை ஒன்றே, கணக்கு ஒன்றே. ஆயினும் விளைவு ஒன்றாக இல்லை. நாளுக்கு ஆறு பக்கம் என்று கொண்ட குழந்தைகள் விரைந்து முன்னேறினர். கழித்தலை நன்கு கற்றனர். தம்மால் முடியும் என்னும் நம்பிக்கை அவர்களிடம் மிகுந்தது. முன்பு வெறுத்த கணக்கில் விருப்பமும் பிறந்தது. தொலைவிலுள்ள 42-ஐ மட்டும் கொண்ட குழந்தைகளோ, குறிக்கோளே இல்லாதவரைக் காட்டிலும் மேம்பட்டவராகத் தோன்றவில்லை. பெரிய குறிக்கோள் தீமை செய்யவில்லை. ஆனால் தனித்து நின்று நன்மையும் செய்யவில்லை. நாளுக்கு ஆறு பக்கம் முடித்த குழந்தை, ஏழு முறை தன் சொல்லைக் காத்தது. நம்பிக்கை அங்கேதான் பிறந்தது என்று நான் கருதுகிறேன்.

கல்வியில் மட்டுமின்றி, நடத்தையைத் திருத்திக்கொள்வதிலும் இம்முறையைக் கையாண்ட பெரியோர் உளர். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், இளமையில் குற்றமே இல்லாத மனிதனாக வாழ்வது என்று முடிவு செய்தார். ஒரு குற்றத்தைக் காவல் காக்கும்போது மற்றொரு குற்றம் பின்வாசல் வழியே நுழைவதைக் கண்டார். எனவே, தமக்கு வேண்டிய நற்பண்புகளைப் பதின்மூன்றாக வகுத்தார். வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார். ஒரு சிறு ஏட்டில் பண்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு கட்டம் வரைந்து, தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி இட்டார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு 52 வாரம் ஆதலால் நான்கு சுற்று ஆகும். பொருள்களை ஒழுங்காக வைக்கும் பண்பு அவருக்குக் கடைசிவரை முழுதாக வாய்க்கவில்லையாம். அதனை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். முழுமையை அடையவில்லை, ஆயினும் அம்முயற்சியால் முன்னினும் நல்லவனாகவும் மகிழ்ச்சி உடையவனாகவும் ஆனேன் என்பது அவர் கண்ட முடிவு.

நம் காந்தியடிகளிடமும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது கீதையை மனப்பாடம் செய்ய விரும்பினார். வேலை மிகுந்த வாழ்வு. தனியே நேரம் ஒதுக்க வழியில்லை. காலையில் பல் துலக்க 15 நிமிடமும் குளிக்க 20 நிமிடமும் அவருக்கு ஆயின. பல் துலக்குமிடத்தில் எதிர்ச்சுவரில் சுலோகங்களை எழுதிய தாளை ஒட்டிவைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்து, பழையதைக் குளிக்கும்போது நினைவுபடுத்திக்கொண்டார். இவ்வாறே பதின்மூன்று அத்தியாயங்கள் மனப்பாடமாயின என்று சத்திய சோதனையில் கூறுகிறார். "கீதை முழுதும்" என்பது அணை. பல் துலக்கும் பதினைந்து நிமிடம் வாய்க்கால். ஏற்கெனவே நாள்தோறும் நடக்கின்ற செயலோடு புதிய செயலைச் சேர்த்துக் கட்டியதுதான் அவருடைய நுட்பம்.

இனி, சிறு குறிக்கோளை அமைத்துக்கொள்ளும் முறையைச் சுருங்கச் சொல்லுகிறேன்.

முதலாவது, குறிக்கோள் ஒரு செயலாக இருக்கவேண்டும். விருப்பமாக இருத்தல் கூடாது. "நன்றாகப் படிப்பேன்" என்பது விருப்பம். "மாலை விளக்கு ஏற்றியவுடன் ஐந்து கணக்குகள் செய்வேன்" என்பது செயல். "கைப்பேசியை விட்டுவிடுவேன்" என்பது விருப்பம். "படிக்க அமரும் முதல் ஒரு மணி நேரம் கைப்பேசியை அடுத்த அறையில் அம்மாவிடம் கொடுத்துவைப்பேன்" என்பது செயல். "கோபப்பட மாட்டேன்" என்பது விருப்பம். "தம்பி என் புத்தகத்தை எடுத்தால், பத்து எண்ணிய பிறகே பேசுவேன்" என்பது செயல். செய்தோமா, இல்லையா என்று ஒரே சொல்லில் விடை கூறத்தக்கதே நல்ல குறிக்கோள்.

இரண்டாவது, அது மிகவும் மோசமான நாளிலும் செய்யத்தக்க அளவு சிறியதாக இருக்கவேண்டும். ஊக்கம் மிகுந்த நாளை வைத்து அளவு குறித்தால் அது நான்கு நாளைக்கு மேல் நிற்காது. உறவினர் வந்திருக்கும் நாள், மின்சாரம் இல்லாத நாள், தலைவலிக்கும் நாள் ஆகியவற்றை நினைத்து அளவு குறிக்கவேண்டும்.

மூன்றாவது, அளவை விரைந்து கூட்டக்கூடாது. நம் மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டுவோரைப் பார்த்திருப்பீர்கள். மரம் ஏழாண்டு அளவுக்கு வளர்ந்த பின்னரே வெட்டத் தொடங்குவர். வெட்டும்போதும் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவுவர். ஆழமாக வெட்டினால் மிகுதியான பால் வரும் என்று பேராசை கொண்டு கத்தியை அழுத்தினால், உட்பகுதி புண்பட்டு, மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். பின்னர் அந்த இடத்தில் செம்மையாக வெட்ட முடியாது. மரம் இளைப்பாறவும் இடைநாள் விடுவர். இவ்வாறு சீவிய மெல்லிய வெட்டில் சொட்டுச் சொட்டாக வடியும் பாலே சிரட்டையை நிறைக்கிறது. ஒரு மரம் பல்லாண்டு பயன் தருகிறது. மனத்தை நடத்துவதும் அப்படியே. ஐந்து கணக்கு ஒரு மாதம் பழகிய பிறகு ஏழாக்கலாம். மூன்றாம் நாளே ஐம்பதாக்கினால் மனம் புண்பட்டு, கணக்கென்றாலே சுருங்கிவிடும்.

நான்காவது, செய்ததைக் குறித்துவைக்க வேண்டும். நாட்காட்டியில் ஒரு சிறு கோடு போதும். பிராங்க்ளின் தவறுக்குப் புள்ளி வைத்தார். இளைஞர்களுக்கு நான் சொல்லுவது, முடித்த நாளுக்குக் கோடு போடுங்கள் என்பதே. மாத இறுதியில் அக்கோடுகளை எண்ணிப் பார்த்தால், உங்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். அது பிறர் தரும் பாராட்டன்று. எவரும் பறிக்க இயலாத சான்று.

ஐந்தாவது, ஒரு நாள் தவறினால் என்ன செய்வது? நடவு செய்த வயலில் சில நாற்றுகள் பட்டுப்போவது உண்டு. அதற்காக எந்த உழவரும் வயலை மீண்டும் உழுது புதிதாக நடுவதில்லை. பட்டுப்போன இடத்தில் மட்டும் வேறு நாற்றை ஊன்றிவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பார். ஒரு நாள் தவறியவுடன் "எல்லாம் போயிற்று" என்று கைவிடுவதும் வேண்டா. மறுநாள் இரட்டிப்பாகச் செய்து தண்டனை கொடுத்துக்கொள்வதும் வேண்டா. மறுநாள் வழக்கமான அளவைச் செய்தால் போதும்.

இங்கே ஒரு தடை எழலாம். "சிறியதையே நினைத்துக்கொண்டிருந்தால் சிறியவராகவே ஆகிவிட மாட்டோமா? உயர்ந்ததை நினைக்க வேண்டும் என்றல்லவா பெரியோர் சொல்லியிருக்கிறார்கள்?" என்று ஓர் அறிவுள்ள மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒரு கணக்கைச் சேர்ந்து போடுவோம். குமரிமுனையில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, பீடம் உட்பட 133 அடி உயரம். 133 அதிகாரங்களின் நினைவாக அந்த உயரம். அதிகாரத்துக்குப் பத்தாகக் குறள் 1330. முழுவதையும் கற்பது பெரிய எண்ணம், ஐயமில்லை. ஒன்பதாம் வகுப்பில் நுழையும் ஜூன் மாதத்தில் ஒருவர் நாளுக்கு ஒரு குறள் என்று தொடங்கினால், 1330 நாள்கள் ஆகும். அதாவது, மூன்று ஆண்டும் ஏறத்தாழ எட்டு மாதமும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப் போகும்போது அவர் நெஞ்சில் திருக்குறள் முழுவதும் இருக்கும். இவர் சிறியதை நினைத்தவரா, பெரியதை நினைத்தவரா? இரண்டையும் நினைத்தவர். திசையைப் பெரிதாகக் கொண்டார். அடியைச் சிறிதாக வைத்தார். திசை இல்லாத சிறு அடிகள் வட்டமிட்டு நிற்கும்; அடி வைக்காத திசை கனவாகவே போகும்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. எல்லாக் குறைகளும் மாணவரின் மன உறுதிக் குறைவால் வருவன அல்ல. விடியலில் தோவாளை வட்டாரத்துத் தோட்டத்தில் பூப்பறித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் பிள்ளை முதல் மணியில் உறங்கிவிழுந்தால், அவனுக்கு வேண்டியது அறிவுரையன்று, உறக்கம். பசித்த பிள்ளைக்கு வேண்டியது உணவு. நெஞ்சில் ஆறாத துயரம் உடைய பிள்ளைக்கு வேண்டியது, அமர்ந்து கேட்கும் ஒரு பெரியவர். சுமை எது என்று அறியாமல் "முயற்சி போதாது" என்று சொல்லிவிடுவது எளிது, நியாயம் ஆகாது. அத்தகைய பிள்ளைகளின் சுமையைக் குறைப்பது நம் கடன். குறைத்த பின்னர், அவர்களுக்கும் அன்றைக்கு முடிக்கத்தக்க ஒரு சிறு வேலையைக் கொடுங்கள். முடித்தால் முடித்தது என்று சொல்லுங்கள். "இவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி, பிள்ளை ஈட்டிய நம்பிக்கையை முளையிலேயே கிள்ளிவிடும்.

மாணவர்களே! தேர்வில் தவறியவர்கள் உங்களுள் இருக்கலாம். பலமுறை தீர்மானம் செய்து, பலமுறை முறித்து, இனி எதற்கு என்று சலித்தவர்களும் இருக்கலாம். உங்களைத்தான் நான் முக்கியமாக எண்ணிப் பேசுகிறேன். உங்களிடம் குறைந்திருப்பது அறிவும் அன்று, ஆற்றலும் அன்று. உங்கள் சொல்லின் மேல் உங்களுக்கு இருந்த நம்பிக்கை தேய்ந்திருக்கிறது. அது எப்படித் தேய்ந்ததோ அப்படியே, சிறிது சிறிதாக, வளரவும் செய்யும். பெரிய சொல் ஒன்றைக் கொடுத்து அதனை மீட்க முடியாது. சிறிய சொற்கள் பலவற்றைக் கொடுத்துக் காப்பாற்றித்தான் மீட்கமுடியும்.

இன்றிரவு உறங்குமுன் ஒரு தாளை எடுத்து, நாளைக்குச் செய்யத்தக்க ஒரே ஒரு செயலை, செய்யும் நேரத்தோடு எழுதி வையுங்கள். எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நாணம் வேண்டா. நாளை இரவு அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். நாளை மறுநாள் இன்னொரு கோடு. மலைமேல் நீர் நிறைந்துதான் இருக்கிறது. மடையைத் திறக்கும் வேலை உங்களுடையது.